சீட்டக்காவின் ‘இருபது முகம்’

டிரை கிளீனிங் கடையில் துணி வாங்கிப் போடும் மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரில் தெரியாத பாக்கெட் கிடையாது. கோட்டைக் கையில் வாங்கியதும் முதல் வேலை பாக்கெட்டைத் துழாவுவதுதான். பேனா, மாத்திரை, பஸ் டிக்கெட், பாதி தின்ற பிஸ்கட், எழுதிவிட்டுக் கொடுக்கத் தைரியம் வராத கடிதம் என்று எது கிடைத்தாலும் ஓர் உறையில் போட்டு, துணியில் குத்தும் சீட்டின் எண்ணையே உறை மேலும் எழுதவேண்டும். அந்த எண் சீட்டுகளால்தான் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர் வந்தது. முதலாளி, வண்டி ஓட்டுகிறவர், துணி போடவரும் அறுபது வயதுப் பெரியவர் என எல்லோருக்கும் அவள் அக்காதான். வயதில் மூத்தவர்கள் தன்னை அக்கா என்பதில் அவளுக்கு லேசான வருத்தம் உண்டு. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வாய்விட்டு எதையுமே சொன்னதில்லை என்பதுதான் சரி. ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் அவள் நான்காவது. அவள் பேசும் முறை வருவதற்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த வீட்டிலாவது பேசலாம் என்று பார்த்தால், அங்கே நாத்தனார் இருந்தார். கணவரின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஹெட் நர்ஸாக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றவர். உட்கார், எழுந்திரு, நாக்கை நீட்டு என்று மனிதர்களை வேலை வாங்கியே பழகியவர். தனியாகப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவர் குரல் இந்த வீட்டுச் சமையலறையில் உப்புக் கூடியதா குறைந்ததா என்று சொல்லும். கணவர் லிஃப்ட் மெக்கானிக், நல்ல மனிதர். அக்கா பேசும்போது மட்டும் அவருக்கு ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோகும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சீட்டக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைத்தாள். அதுவும் உண்மையான ஆசைதான், பொய்யில்லை. டிரைவிங் ஸ்கூலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இரண்டாவது வாரம் வகுப்பு முடிந்து கிளம்பும்போது பின்னறையிலிருந்து ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தாள். சாலைக் குறியீடுகள் வரைந்த படங்களுக்குக் கீழே டிரைவிங் மாஸ்டரும் ஒரு மருந்துக்கடைக்காரரும் ஒரு கணக்கு டீச்சரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆத்துல குதிக்கறீங்களா, இல்ல ஓநாயோட சண்டை போடறீங்களா? சீக்கிரம் சொல்லுங்க!” என்று மாஸ்டர் மேசையைத் தட்டினார். காரில் உட்கார்ந்தால் கிளட்ச் என்ற வார்த்தைக்கு மேல் வாயைத் திறக்காத மனிதர்.

அவளைப் பார்த்ததும், “உக்காருங்களேன், ஒரு ஆள் குறையுது,” என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அது மேசையில் ஆடும் கதை விளையாட்டு. கட்டம் இல்லை, காய் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்வோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். கதை ஒரு பெட்டியில் வரும். இவர்களுடைய பெட்டியின் பெயர் ‘ஏழு பாலங்கள்’. உள்ளே தடியாக ஒரு புத்தகம் இருக்கும், அதைக் கதை நடத்துபவர் மட்டும்தான் திறக்கலாம். வாரம் ஒரு முறை ஆடினால் முடிக்க மூன்று, நான்கு வருடம் ஆகும். எல்லாம் கேட்ட பிறகு உங்களுக்குத் தோன்றுவதுதான் அவளுக்கும் தோன்றியது. வளர்ந்த மனிதர்களுக்கு இது தேவையா?

அன்று ஒரு மணி நேரம் அவள் பேசவே இல்லை. கதையில், பூட்டிய கோட்டைக் கதவின் முன்னால் மருந்துக்கடைக்காரர் உடைக்கலாம் என்கிறார், கணக்கு டீச்சர் சுவர் ஏறலாம் என்கிறார், இருவருக்கும் கைகலப்பு வராத குறை. செத்துக் கிடந்த காவலாளியை யாரும் கவனிக்கவில்லை.

“பாக்கெட்டைப் பாருங்க,” என்றாள் சீட்டக்கா.

சாவி இருந்தது. மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் சொன்னதைக் கேட்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கார் ஓட்டக் கற்றுக்கொள்வது அந்த மாதத்தோடு நின்றது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போவது நிற்கவில்லை. மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போகிறாள், லைசென்ஸ் மட்டும் வரவில்லை. கணவருக்கு விஷயம் தெரியும். நாத்தனாருக்குத் தெரியாது.

“ஏம்மா, மூணு வருஷமா கியர் போடவா கத்துக்கறே? எங்க ஆஸ்பத்திரியில மூணு வருஷத்துல நர்ஸே ஆயிடுவாங்க,” என்று நாத்தனார் பார்க்கும்போதெல்லாம் குத்துவார். சீட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் அதே நாத்தனாரின் குளிர்காலக் கோட்டு கடைக்கு வந்தது. பாக்கெட்டைத் துழாவினாள். இடது பக்கம் கைக்குட்டை. வலது பக்கம் கையில் தட்டுப்பட்டதை வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தாள். ‘ஏழு பாலங்கள்’ பெட்டியோடு வரும் அதே கருநீலப் பகடை, இருபது முகத்தோடு, மூலையெல்லாம் தேய்ந்துபோய்.

கோட்டு வாங்க நாத்தனார் வந்தபோது சீட்டக்கா உறையை நீட்டினாள். அவர் உறையைப் பிரித்துப் பார்த்தார், இவளைப் பார்த்தார். ஹெட் நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை.

“அது… குழந்தைங்க விளையாட்டுச் சாமான்,” என்றார்.

“எத்தனாவது பாலம் அண்ணி?” என்றாள் சீட்டக்கா.

நாத்தனார் ஒருமுறை கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏழும் முடிச்சாச்சு,” என்றார். “அப்ப நீ கத்துக்கற டிரைவிங் இதுதானா? எனக்கு அப்பவே சந்தேகம்தான்!”

சனிக்கிழமைதோறும் தன் வீட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஐந்து பேரை வைத்து அவர் நாலு வருடம் கதை நடத்தியிருக்கிறார். தன் தெருத் திருப்பத்தில் இருக்கும் பேக்கரியிலும் ஒரு மேசை உண்டு என்று அவர்தான் சொன்னார். ஒரே ஊர், ஒரே பெட்டி, மூன்று மேசைகள். ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் வெளியே சொன்னதில்லை. எல்லோரும் ஏதோ தப்புக் காரியம் செய்வதுபோல ஒளிந்து ஒளிந்து ஆடியிருக்கிறார்கள்.

பத்திரிகை ஆசை அங்கே பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை நடப்பதையெல்லாம் சீட்டக்கா கடையின் பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் குறித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அதில் நானூறுக்குமேல் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கணக்கு டீச்சர், “இதைத் தொகுத்துப் போடலாமே. மூணு மேசைக்கும் கொடுக்கலாம்,” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். ஒரு பேச்சுக்குச் சொன்னதை சீட்டக்கா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். பெயரும் அன்றே வைத்தாள், ‘இருபது முகம்’. ஆசிரியர் யார் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

முதல் இதழுக்கு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கணக்கு டீச்சர் ஆற்றின் வரைபடம் போட்டுக் கொடுத்தார், அளவெல்லாம் சுத்தமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் கதையில் வரும் விஷங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். அதைப் படித்தவர்கள் அவர் கடையில் மருந்து வாங்க யோசிப்பார்கள், அப்படி ஓர் ஈடுபாடு. பேக்கரிக்காரர்களின் கட்டுரை மாவுப் பையின் காகிதத்தில் வந்தது. வாசகர் கடிதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது, ஆனால் இன்னும் வெளிவராத பத்திரிகைக்கு யார் கடிதம் போடுவது? அதையும் அவளே எழுதி, ‘ஒரு வாசகி’ என்று கையெழுத்துப் போட்டாள். அந்த வாசகி பத்திரிகையை வானளாவப் புகழ்ந்திருந்தாள்.

நாத்தனாரின் கட்டுரை கடைசியாக வந்தது. ஒன்பது பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. தலைப்புக்கு மேலே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: ‘ஏழு பாலங்களையும் ஆடி முடித்தவர்கள் மட்டும் படிக்கவும்.’

பார்த்ததும் சீட்டக்காவுக்குச் சுருக்கென்றது. முடித்தது ஊரில் இவர் மேசை ஒன்றுதானே! மற்றவர்களெல்லாம் படிக்கக்கூட லாயக்கில்லையாமா? பத்திரிகையிலும் வந்து நாக்கை நீட்டு என்கிறாரே! பதினெட்டு வருடம் கேட்டுக் கேட்டுச் சேர்ந்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு பேனாமுனைக்கு வந்தது. ஆசிரியர் என்ற முறையில் அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தாள். அடித்தபோது நன்றாகவும் இருந்தது.

கட்டுரையைப் படிக்கத்தான் செய்தாள். பாலங்களை ஒவ்வொன்றாக உடைப்பது யார் என்பதுதான் அந்தக் கதையின் முடிச்சு. நாத்தனாரின் கட்டுரையில் அது படகோட்டி. பாலம் உடைந்த இடத்திலெல்லாம் வந்து, பயணிகளை அக்கரை சேர்த்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகிற அதே படகோட்டி. சீட்டக்காவுக்கு அந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பாத்திரம். படித்துவிட்டு அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? ‘அண்ணி யாரைத்தான் நம்பியிருக்கார்? அவர் மேசையில பாவம் படகோட்டியையும் திருடனாக்கிட்டார்.’ மேசைக்கு மேசை கதை மாறும் என்பது உண்மைதான், வழியில் நடப்பது மாறும். ஆனால் முடிச்சு பெட்டியில் இருக்கும் புத்தகத்தில் அச்சடித்தது. அது எல்லா மேசைக்கும் ஒன்றுதான். புத்தகத்தை ஒருமுறைகூடத் திறக்காத சீட்டக்காவுக்கு இது தெரிய நியாயமில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

நாற்பது பிரதி நகலெடுத்து, நடுவில் பின் அடித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறைக்குக் கொண்டுபோனாள். தலைகால் புரியவில்லை. அதற்கு முதல் நாளே பேக்கரிக்கான எட்டுப் பிரதிகளை, திங்கள் காலை கடை வண்டியில் அங்கே திரும்பிப் போகவேண்டிய வெளுத்த மேலங்கிக் கட்டுக்குள் செருகி வைத்தாகிவிட்டது.

எல்லோரும் ஆளுக்கொன்றை வாங்கிப் புரட்டினார்கள். வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்பு, வாசகர் கடிதத்தைப் பார்த்துப் பலத்த சிரிப்பு. பிறகு மருந்துக்கடைக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினார். கணக்கு டீச்சர் வாயில் கைவைத்துக்கொண்டார். டிரைவிங் மாஸ்டர் கட்டுரையை நின்றபடியே முழுதும் படித்தார். பிறகு தன் முன்னால் விரித்திருந்த தடிப் புத்தகத்தை மெல்ல மூடினார்.

“என்னாச்சு?” என்றாள் சீட்டக்கா.

“படகோட்டிதான்,” என்றார் மாஸ்டர். “புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு.”

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. “ஆறாவது பாலத்துல அவன் முகமூடியைக் கழட்டற காட்சி வரும். ரெண்டு வருஷமா பயிற்சிக் காரை ஓட்டிக்கிட்டே தனியா அதைப் பேசிப் பேசிப் பாத்திருக்கேன். அவனுக்குன்னு ஒரு குரல்கூட வச்சிருந்தேன்,” என்றார். பகடைகளைப் பையில் போட்டார். “அடுத்த வாரம் வேண்டாம். அப்புறம் பாக்கலாம்.”

‘அப்புறம் பாக்கலாம்’ என்பதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். கல்யாணப் பேச்சு முறிவது அந்த வார்த்தையில், பாகஸ்தர்கள் பிரிவதும் அந்த வார்த்தையில். சீட்டக்கா மீதிப் பிரதிகளை மறுபடி பைக்குள் அடுக்கினாள். அவள் பேசினால் திரும்பிப் பார்க்கிற மூன்று பேரையும், அவர்கள் உட்காரும் மேசையையும் அவளே கவிழ்த்துவிட்டாள். அதுவும் நாற்பது பிரதி எடுத்து.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அக்கா போட்ட வரியை நீயா அடிச்சே?”

“ஆமா.”

“அப்ப நீயே போய்ச் சொல்லிடு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கன்னா வெளிய எடுத்துடுவேன். இது என் கைல இல்ல.”

அப்போதுதான் பேக்கரிப் பிரதிகள் நினைவுக்கு வந்தன. அவர்கள் இன்னும் இரண்டாவது பாலத்திலேயே நிற்கிறார்கள்!

திங்கள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றாள். வண்டி அதற்கு முன்பே போயிருந்தது. பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட நேரத்துக்குக் கிளம்பாத வண்டி. செருப்புத் தேய நடந்து, பாதிக்கு மேல் ஓடி, மூச்சிரைக்கப் பேக்கரியின் பின்வாசலில் போய் விழுந்தாள். ரொட்டிக்காரர் முழங்கை வரை மாவோடு நின்றார். மேலங்கிக் கட்டு அவிழ்க்கப்பட்டு மேசை ஓரத்தில் இருந்தது. அதன் மேல் எட்டு ‘இருபது முகம்’.

“படிச்சிட்டீங்களா?”

“கையைப் பாருங்க. இந்தக் கையோட எங்க தொடறது? நாளைக்கு ஆட்டத்துல எல்லாரும் சேந்து படிக்கலாம்னு வச்சிருக்கேன். ஏன், என்ன விஷயம்?”

சீட்டக்கா மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒன்பது பக்கங்களையும் கிழித்துவிடலாம் என்றுதான் வந்தாள். எடுத்துக் கிழிக்கப் போனால் கை வரவில்லை. நல்ல கட்டுரை. அவள் பத்திரிகையிலேயே நன்றாக இருந்தது அதுதான், அதுவும் வயிற்றெரிச்சல். கைப்பையில் எப்போதும் இருக்கும் எண் சீட்டுகளும் பின் அடிக்கும் கருவியும் கையில் தட்டுப்பட்டன. அந்தப் பக்கங்களை மட்டும் உள்ளே மடித்து, விளிம்பில் ஒரு சீட்டை வைத்துக் குத்தினாள். சீட்டின் மேல், ‘ஆறாவது பாலம் தாண்டிய பிறகு பிரிக்கவும்’ என்று எழுதினாள். எட்டுப் பிரதிக்கும் எட்டுச் சீட்டு.

ரொட்டிக்காரர் ஒன்றை வாங்கி, மாவு படாமல் இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பிரிக்கக்கூடாத பக்கத்தோட பத்திரிகையா? இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன். இதுக்காகவே சீக்கிரம் ஆடணும் போல இருக்கே!” என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒன்பது இதழ் வந்துவிட்ட இன்றைக்கு ‘இருபது முகம்’ என்றால் அந்த மடித்த பக்கங்கள்தான். வெளியூர் மேசைகள்கூட அதற்காகத்தான் கேட்டு வாங்குகின்றன. ஒரு பாலம் தாண்டினால் சீட்டைப் பிரித்து, மேசையில் எல்லோருமாகச் சேர்ந்து சத்தம் போட்டுப் படிக்கவேண்டும் என்று வழக்கமே ஆகிவிட்டது. தான் இன்னும் ஆடாத கதைகளை ஆசிரியரான அவளும் படிப்பதில்லை. தன் பத்திரிகையில் பாதியை அவளே படிக்கமுடியாது. அந்தப் பக்கங்களைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பவர் யார் என்று இதழின் பின்னட்டையில் போட்டிருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பேக்கரிக்காரர்கள் தப்பித்தார்கள், தன் மேசை தப்பவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

அன்று மாலை கடை முடிந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் பெரிய மேசை தெரிந்தது. சுற்றி நாற்காலிகள் இல்லை. ஐந்தும் சுவரோரமாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேசையில் ஒரே ஒரு டீ கப்.

“உக்காரு,” என்றார் நாத்தனார். அவளே ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி, உங்க கட்டுரைக்கு மேல நீங்க எழுதியிருந்த வரியை நான் அடிச்சிட்டேன். நீங்க பெருமைக்கு எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன். எங்க மேசை போச்சு.” கல்யாணமான நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள். வசவு வந்தது, வராமல் இருக்குமா? “முப்பது வருஷம் மருந்துச் சீட்டுல ஒரு வரியை யாராவது அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா?” என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் நடந்தது. கேட்டுக்கொண்டாள். எல்லாம் நியாயமாகவே இருந்தது. ஓய்ந்த பிறகு நாத்தனார் எழுந்து போய் இன்னொரு டீயோடு வந்தார்.

“எங்க மேசையும் இல்லதான்,” என்றார், கப்பைப் பார்த்துக்கொண்டே. “பெட்டி முடிஞ்சுது. அடுத்த சனிக்கிழமை வர்றோம்னாங்க. மூணு மாசம் ஆச்சு. அவங்களுக்கும் வேலை இருக்குமில்ல.”

சீட்டக்கா சுவரோர நாற்காலிகளைப் பார்த்தாள். பக்கத்துத் தெருதான். மூன்று மாதமாக அவளும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நாத்தனார் வராத ஞாயிறெல்லாம் நல்ல ஞாயிறு என்று நினைத்திருக்கிறாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் நாத்தனார். “படகோட்டிதான்னு தெரிஞ்ச நிமிஷமே எங்க ஆளுங்க அவனை வெட்டிட்டாங்க. பகடைல பத்தொம்பது, பலிச்சுடுச்சு. நாலு வருஷக் கதை, அரை நிமிஷத்துல முடிஞ்சுது. அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. நானும் அந்த வேகத்துல விட்டுட்டேன். அதுலேருந்து எனக்கு மனசே ஆறல. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா என்ன? வெட்டறதுக்கு முன்னாடி கேக்கலாமே. எந்த மேசைக்கும் கிடைக்காதது உங்களுக்குக் கிடைச்சிருக்கு.”

“மாஸ்டர் புத்தகத்தை மூடிட்டாரு அண்ணி.”

“அவர் நம்பரைக் குடு.”

ஹெட் நர்ஸ் ஃபோனில் என்ன பேசினார் என்பதை டிரைவிங் மாஸ்டர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. “ஒரே ஒரு தடவை. அதுவும் பலிக்கலைன்னா பெட்டியைக் கட்டிடுவேன்,” என்று மட்டும் சீட்டக்காவுக்குத் தகவல் வந்தது.

ஞாயிறு மதியம் நாத்தனார் பின்னறைக்கு வந்தார். முதலில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பிறகு, மருந்துக்கடைக்காரரை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார். படகோட்டியின் வேடத்தை இன்று மாஸ்டர் ஆடமாட்டார், நாத்தனார் ஆடுவார் என்பது ஏற்பாடு. சுவரில் முழிக்கும் சிவப்பு சிக்னல் படத்துக்குக் கீழே போய் அமர்ந்து, கைகளைத் துடுப்புப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் கதையைத் தொடங்கினார். குரலில் உயிரே இல்லை. ஐந்தாவது பாலம் உடைந்து கிடக்கிறது, மூவரும் படகில் ஏறுகிறார்கள், ஆறு அகலமாக இருக்கிறது. கதையில் மருந்துக்கடைக்காரரின் கை வாளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. கணக்கு டீச்சர் ஏதும் தெரியாதவர்போல நடித்துப் பார்த்தார், அவருக்கு வரவில்லை. ஒவ்வொரு பேச்சும் தரையில் விழுந்தது. மாஸ்டர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று சீட்டக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

“நான் படகுல எழுந்து நிக்கறேன்,” என்றாள்.

“நின்னு?”

“அவனை நேராக் கேக்கறேன்.” நாத்தனாரைப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவர் கண்ணை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று சொன்னால் தப்பில்லை. “பாலத்தையெல்லாம் நீதான் உடைச்சேன்னு எங்களுக்குத் தெரியும். ஏன் உடைச்சே?”

மாஸ்டர் பகடையை எடுத்தார். “வேண்டாம்,” என்று நாத்தனார் கையைக் காட்டினார். “கேட்டதுக்குச் சொல்றேன்.”

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். ஹெட் நர்ஸின் குரல் போய்விட்டது. வேறொரு குரல், சன்னமாக வந்தது.

“இந்த ஆத்துல முப்பது வருஷம் படகு ஓட்டினேன். ராத்திரி பகல் பாக்கல. யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, நான்தான் அக்கரை சேப்பேன். அப்புறம் ஏழு பாலம் கட்டினாங்க. நல்லதுதான், நான் குத்தம் சொல்லல. எல்லாரும் நடந்து போக ஆரம்பிச்சாங்க. ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல. பாலம் உடைஞ்சாத்தானே யாராவது படகுப் பக்கம் வர்றீங்க? நீங்க மூணு பேரும் அப்படித்தானே வந்தீங்க?”

மாஸ்டர் தடிப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். அதில் படகோட்டி கூலிக்காக உடைத்தான் என்று ஒரே வரிதான் இருந்தது. புரட்டுவதை நிறுத்திவிட்டு, நாத்தனாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் வாளை மறந்து மூக்கைத் துடைத்தார். படகோட்டி பாவம் என்று அவர் நினைத்தார். படகோட்டி யார் என்று அந்த அறையில் சீட்டக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருடம் உப்புக் கூட என்றும் குறைவு என்றும் ஏன் ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது என்று இப்போதுதான் விளங்கியது.

“பாலம் இருந்தாலும் வருவோம் அண்ணி,” என்றாள். “ஒண்ணையும் உடைக்கவேண்டாம். நாங்க வருவோம்.”

அண்ணி என்று சொல்லிவிட்டதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, திரும்பத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

“படகுல அண்ணி கிண்ணின்னு யாரும் கிடையாது. ஒழுங்கா ஆடு,” என்றார். ஹெட் நர்ஸ் திரும்பி வந்திருந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், “அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“ரெண்டு மணிக்கு,” என்றார் டிரைவிங் மாஸ்டர்.